இரவு பஸ்ஸில் வந்த மெசின்

விடிகாலை நாலரை, ஐந்து மணிக்குக் கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ் திருகோணமலை பஸ் நிலையத்துக்குள் நுழையும். வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே நிற்பேன். கண்டக்டர் பின்பக்கத்திலிருந்து இழுத்துப் போடும் அட்டைப் பெட்டிகளில் ஒன்று என்னுடையது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைச் சாமான்: பேரிங், ஓயில் சீல், புஷ், பின், போல்ட். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் பெட்டியைப் பிரிப்பேன். தண்டு சுழல இடம் கொடுக்கும் உலோகக் குழல்தான் புஷ்; எண்ணெய்த் தாளில் சுற்றிய புஷ்கள் ஒன்றுபோல் ஒன்று மினுங்கும். முதலாவதை அளந்தால் போதும், நூறாவதை அளக்கத் தேவையில்லை. சீனாவிலோ இந்தியாவிலோ கணினி ஓட்டும் ஏதோ ஒரு சீ.என்.சி. மெசின், ஆள் கை படாமல் கடைந்து தள்ளிய சாமான் அது.

என் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், பெரியப்பாவின் லேத் பட்டறை, இரும்பைச் சுழலவிட்டுக் கத்தியால் கடையும் பட்டறை, இருக்கிறது. அதே புஷ்ஷை அவர் கடைந்து தந்தால் என் விலையைப்போல நாலு, ஐந்து மடங்கு வரும். இரும்புக் காசு, கரண்ட் காசு, அரைநாள் கூலி எல்லாம் சேர்த்தால் அதைவிடக் குறைக்க அவரால் முடியாது. ஆகவே ஊரார் என்னிடம் வாங்குகிறார்கள்.

லேத் வேலை கைவிட்டுப் போகிறதே என்று எழுதுகிறவனே அதைக் கொண்டுபோகும் பெட்டியையும் சுமக்கிறான் என்பது கொஞ்சம் கூச்சமான கதைதான். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் பின்னூட்டத்தில் வந்து சொல்லத் தேவையில்லை.

தானியங்கி மெசின் வந்து லேத்காரனின் வேலையைப் பறிக்கும் என்று சொல்லும்போது, பழைய லேத்தைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் புது மெசினை வைப்பதுபோல ஒரு படம்தான் எல்லோர் மனதிலும் வரும். பெரியப்பாவின் பட்டறையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொல்செஸ்டர் லேத் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது டொக்யாட்டிலிருந்து ஏலத்தில் வந்தது என்று பெரியப்பா சொல்லுவார். நான் அதை நம்பியதும் இல்லை, மறுத்ததும் இல்லை. எங்கள் ஊரில் பழைய இரும்பு எல்லாமே டொக்யாட்டிலிருந்துதான் வந்திருக்கும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை சும்மா இராதே என்று அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். முதல் மூன்று மாதம் கூட்டுமாறுதான் என் கையில். லேத்தின் அடியில் சேரும் சுருளைக் கூட்டி உரப்பைக்குள் கட்டவேண்டும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டிக் கூட்டியே இரும்பைப் பிரித்தறியப் பழகிவிட்டேன். மைல்ட் ஸ்டீல் நீளச் சுருளாக வரும், கையை அறுக்கும். வார்ப்பிரும்பு சுருளாகாது, கருந்தூளாக உதிர்ந்து மூக்குக்குள் போகும். பித்தளை ஊசி ஊசியாகத் தெறிக்கும். அலுமினியம் கத்தியில் ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் தொட்டு வைத்தால்தான் வழிக்கு வரும். சூடு தாங்கும் காபைட் முனையில் சுருள் நீலமாக வந்தால் சரி. சாதாரண கத்தியில் நீலமாக வந்தால் கத்தி முடிந்தது, பெரியப்பாவின் ஏச்சு தொடங்கியது என்று அர்த்தம். வாசலில் உலாவும் கோட்டைப் பக்கத்து மான்களைத் துரத்துவதும் என் பொறுப்புதான். கணக்குக் கொப்பியை ஒரு மான் ஒருமுறை தின்றே விட்டது. அதனால் பயனடைந்த கடன்காரர்கள் சிலர் இன்றும் ஊரில் இருக்கிறார்கள்.

நாலாவது மாதம்தான் முதல் வேலை வந்தது. தம்பலகாமத்து அரிசி ஆலை ஒன்றுக்கு அறுபது பின். எல்லாம் ஒரே அளவு, முக்கால் அங்குலம். பெரியப்பா இரண்டைக் கடைந்து காட்டிவிட்டு, ‘மிச்சத்தை நீ செய்’ என்று தேத்தண்ணிக்குப் போய்விட்டார்.

என் முதல் ஒன்பது பின்களும் பழுது. அளவு சரியாகத்தான் இருந்தது. மைக்ரோமீற்றரை வைத்துப் பார்த்து, சரி என்று கழற்றி வாளிக்குள் போட்டேன். அவர் வந்து அளந்தபோது எல்லாமே சிறுத்திருந்தன. கடையும்போது இரும்பு சூடாகி விரியும். சூட்டோடு அளந்தால் பெருக்கக் காட்டும், ஆறினால் அரைத் தவ், ஒரு தவ் இறங்கிவிடும். தவ் என்பது அங்குலத்தை ஆயிரமாய்ப் பிரித்தால் அதில் ஒன்று. சிகரட் சுற்றும் மெல்லிய தாளின் தடிப்பு ஏறக்குறைய அவ்வளவு. அதனால்தான், பெரியப்பா சிகரட் குடிக்காவிட்டாலும், மேசையில் எப்போதும் ஒரு தாள் கிடக்கும். கத்தி சாமானைத் தொடுகிறதா என்று பார்க்க இடையில் தாளை விட்டு மெல்ல நகர்த்துவார். தாள் இழுபட்டால் ஒரு தவ் இருக்கிறது என்று கணக்கு.

இருபதாவது பின்னில்தான் ஹாண்டிலின் தளர்வு விளங்கியது. பழைய லேத்தின் திருகு தேய்ந்திருக்கும். பின்னால் இழுத்து மறுபடி முன்னால் திருப்பினால் கால் சுற்று சும்மா சுற்றும், கத்தி அசையாது. முப்பதைத் தாண்டும்போது இன்னொன்று விளங்கியது: அந்த லேத்தின் படுக்கை, சாமானைப் பிடிக்கும் சக்குக்கு அருகில் அதிகம் தேய்ந்திருக்கிறது. அங்கே கடைந்தால் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்து வரும். பெரியப்பா யோசிக்காமலே அதற்கேற்ப வேலையைத் தள்ளி வைப்பார். அறுபது முடிவதற்குள் என் வலது கைக்கு ஏதோ தெரிந்துவிட்டது. என்னவென்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. நாற்பது, ஐம்பது தடவை அதே அலுப்பான வேலையைச் செய்யாமல் அது வந்திருக்காது, அவ்வளவுதான் தெரியும்.

அந்த அறுபது பின்கள்தான் இப்போது பஸ்ஸில் வருகின்றன.

லேத்துக்கும் மனிதக் கைக்கும் நடுவிலான இந்த இழுபறி புதியதல்ல. ஆதியில் கடைசல்காரன் கத்தியையே கையில் பிடித்துத்தான் இரும்பைக் கடைந்தான். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹென்றி மோட்ஸ்லி என்ற ஆங்கிலேயர் கத்தியை ஒரு வண்டியில் இறுக்கி, திருகால் நகர்த்தும் முறையைத் திருத்தமாக்கிப் பரப்பினார். பெரியப்பாவின் லேத்தில் உள்ள ஸ்லைட் அதன் பேரப்பிள்ளைதான். அன்றைக்கும் யாரோ ஒரு கிழவன், கத்தியைக் கையில் பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் கடைசல்காரனா என்று முணுமுணுத்திருப்பான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அதே மோட்ஸ்லிதான் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்குக் கப்பி செய்யும் மெசின்களைக் கட்டிக்கொடுத்தவர். திட்டம் மார்க் புருனெல் என்ற பொறியியலாளருடையது. பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஆயிரத்தை எட்டும் கப்பிகள் தேவைப்பட்ட காலம். முன்பு 110 கைதேர்ந்த ஆட்கள் செய்ததை, இந்த மெசின்களை வைத்துக்கொண்டு, தொழில் பழகாத 10 பேர் செய்தார்கள். 1808 அளவில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். எங்கள் ஊர்ப் பேரை வைத்துக்கொண்டு, பம்பாயில் 1817இல் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் பாய்மரத்தில் நிற்பதில்லை, கப்பிகளை எண்ணத் தொடங்கிவிடும். அந்த நூறு பேரின் நினைப்பு வரும்.

சீ.என்.சி.யின் பிறப்பும் ஒரு பட்டறையில்தான். மிச்சிகனில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் இறக்கைக்கான வளைவுகளைச் செதுக்கவேண்டியிருந்தது. வளைவின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட்டு எண்களாக எழுதி வைத்தார். ஒருவர் எண்ணை உரக்க வாசிப்பார், மற்ற இருவர் ஆளுக்கொரு ஹாண்டிலைத் திருப்புவார்கள். வாசிக்கிற வாயையும் திருப்புகிற கையையும் எடுத்துவிட்டு, எண்ணை நேரே மெசினுக்குக் கொடுத்தால் என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. 1949இல் அமெரிக்க விமானப்படை காசு கொடுத்தது, 1952இல் எம்.ஐ.ரி. ஆட்கள் துளையிட்ட நாடாவால் ஓடும் மெசினைக் காட்டினார்கள்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி 1940களின் பிற்பகுதியில், கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் முதல் சாமானைக் கையால் கடையும்போது அவருடைய அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, பிறகு அந்த நாடாவை ஓடவிட்டு மெசினையே மிச்சத்தைக் கடைய வைத்தது. அதாவது பெரியப்பா இரண்டு பின் கடைந்தால், மீதி ஐம்பத்தெட்டும் அவர் கைப்படியே வரும். அந்த வழி எடுபடவில்லை. கணக்கு மேசையிலிருந்து எண்ணாக வருவதுதான் வென்றது. சிக்கலான விமான வளைவுகளைக் கையால் கடைந்து பதிய முடியாது என்பது ஒரு நியாயம். பதிவு வழியில் ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் தொழிலாளியின் தயவு வேண்டும், எண் வழியில் வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாளிமாருக்கு எந்த நியாயம் கூடப் பிடித்திருக்கும் என்பதை நான் சொல்லவேண்டுமா?

2007இல் நான் கட்டார் போனேன். ஊரில் அப்போது யார்தான் இருக்க விரும்பினார்கள். லேத் தெரியும் என்றதால் தோஹாவில் ஒரு மெசின் ஷொப்பில் ஓப்பரேட்டர் வேலை. பேர் சொல்ல விரும்பவில்லை. இரண்டு சீ.என்.சி. மெசின் எனக்கு. கதவைத் திற, இரும்பை வை, கதவை மூடு, பச்சைப் பொத்தானை அழுத்து. சாமானொன்றுக்கு நாலு நிமிடம் பத்து செக்கன். ஒன்று ஓடும்போது மற்றதற்குச் சாமான் வைக்கவேண்டும். புரோகிராம் எழுதுகிறவர் மேல்மாடியில், குளிரூட்டிய அறையில். நல்ல மனிதர், மலையாளி, ஓணத்துக்குப் பாயசம் தந்தவர். ஆனால் அவர் இரும்பு வெட்டுப்படும் சத்தத்தைக் கேட்கும் தூரத்தில் இல்லை.

ஒருநாள் உட்துளை கடையும்போது மெசின் அலறியது. இழுத்து இழுத்துக் கத்தும் அந்தச் சத்தம் எனக்குப் பதினாறு வயதிலிருந்தே தெரியும். கத்தி அதிருகிறது. வேகத்தைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. மனிதக் கைக்கென்று அந்த மெசினில் மிச்சம் வைத்திருந்தது அது ஒன்றுதான். எழுபது வீதத்துக்கு இறக்கினேன். சத்தம் அடங்கியது. நேரம் நாலு நிமிடம் நாற்பதாகியது. மேற்பார்வையாளர் திரையைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப நூறுக்கு ஏற்றிவிட்டுப் போனார். அன்றிரவு முனை உடைந்து முப்பத்துச் சொச்சம் சாமான் குப்பைக்குப் போனது. அடுத்த நாள் யாருக்கும் ஏச்சு விழவில்லை. குமிழுக்கு ஒரு பூட்டு மட்டும் வந்தது.

சீ.என்.சி.யைத் திட்ட இதை எழுதவில்லை. பெரியப்பாவுக்கு இடது ஆட்காட்டி விரலின் நுனி இல்லை. தோஹாவில் நான் இருந்த ஆறு வருடத்தில் ஒருவருக்கும் விரல் போகவில்லை, கதவு திறந்திருந்தால் மெசின் ஓடாது. பெரியப்பா நாள் முழுக்க மினக்கெட்டாலும் வராத வளைவை அது ஐந்து நிமிடத்தில் தரும். ஃபுஜி மலையடியில் ஃபனுக் கம்பனியின் தொழிற்சாலையில் விளக்கைக்கூட அணைத்துவிட்டு, ரோபோக்கள் ரோபோக்களைச் செய்கின்றனவாம். நல்லதுதானே. ஆறு வருடம் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தியவன் என்ற முறையில், அதை ஒரு ரோபோ அழுத்துவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் கவலை அந்த ஆறு வருடத்தில் நான் புதிதாக ஒன்றுமே கற்கவில்லை என்பதில். போகும்போது ஓரளவு தொழில் தெரிந்த பெடியனாகப் போனேன், வரும்போது கை மறந்தவனாக வந்தேன். அதனால்தான் பட்டறைக்குத் திரும்பாமல் கடை போட்டேன்.

பெரியப்பாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று என்று நினைக்கவேண்டாம். வேலை குவிந்து கிடக்கிறது. அலுப்பான வேலைதான் போனது, கடினமான வேலை எல்லாம் மிஞ்சிவிட்டது. கொட்பே துறைமுகத்திலிருந்து மீன்பிடி றோலர்ப் படகுக்காரர் வளைந்த புரொப்பெலர் ஷாஃப்டைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். மூதூரிலிருந்து உரப்பைக்குள் கட்டி ஒரு நெல் அரைக்கும் மெசினின் உடைந்த பாகம் வரும். வரைபடம் கிடையாது, அதைச் செய்த கம்பனியே இப்போது இராது. தேய்ந்ததை அளந்தால் தேய்ந்த அளவுதான் வரும். தேயாமல் இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கவேண்டும். சீலுக்கு அடியில் மறைந்து தேயாமல் கிடக்கும் ஒரு கீற்றை நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, ‘இதுதான் அதின்ர பழைய உடம்பு’ என்பார். இப்படி ஒற்றைச் சாமானுக்குப் புரோகிராம் எழுதி, மெசினைத் தயார்செய்து ஓடவிடுவதற்குள் அவர் கடைந்து முடித்துக் கை கழுவிவிடுவார்.

ஜப்பான் எஞ்சினின் புரி மில்லிமீற்றரில் இருக்கும், கொல்செஸ்டரின் திருகோ அங்குலம். ஒன்றை மற்றதாக்க 127 பல்லுள்ள சக்கரம் ஒன்று வேண்டும். ஐந்து அங்குலம் என்பது சரியாக 127 மில்லிமீற்றர். 127 வேறு எந்த எண்ணாலும் வகுபடாது, ஆகவே சின்னச் சக்கரங்களைக் கூட்டிக் குறைத்து அதைத் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. பெரியப்பா அந்தச் சக்கரத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சாமிப்படத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். திருநீறு பட்டுப் பட்டு எண்ணெய்த் துணி சாம்பல் நிறமாகிவிட்டது.

2022இல் அந்தப் பட்டறையைப் பார்த்திருக்கவேண்டும். ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியது. எனக்குப் பஸ்ஸில் பெட்டி வரவில்லை. பஸ்ஸே சில நாள் வரவில்லை. கடைத் தட்டுகள் காலி. மூன்று மாதம் நான் சும்மா குந்தியிருக்க, என்னிடம் வாங்கிப் பழகிய சனம் பெரியப்பாவின் வாசலில் வரிசையில் நின்றது. கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் நிறுத்திய நாட்களில், இரவு ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் அவர் ஒரு மணிக்கு எழும்பிக் கடைந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். பக்கத்தில் பிடித்துக்கொடுக்க ஒரு பெடியன் இல்லை.

பெடியன்கள் சோம்பேறிகள், போனைத் தடவுகிறார்கள் என்று என் கடைக்கு வருகிற பெரியவர்கள் சொல்லுவார்கள். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். பெரியப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டவில்லை.

‘பிழை பெடியனிலை இல்லை, தம்பி. ஒருத்தன் வந்தா நான் என்னத்தைக் குடுத்துப் பழக்கிறது? முதல் வேலையே றோலர் ஷாஃப்டே? அந்தக் கம்பி என்ன விலை? பழுதாக்கிப் பழக என்னட்ட என்ன கிடக்கு?’

நான் பதில் சொல்லவில்லை. அவர் பழுதாக்கக் கொடுத்த ஒன்பது பின்களின் கணக்கு எனக்குத்தான் தெரியுமே. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து என்.வி.கியூ. சான்றிதழோடு வருகிறவர்களுக்கும் இதே கதைதான். பாடம் தெரியும், மைக்ரோமீற்றர் வாசிக்கத் தெரியும். அறுபது தடவை செய்கிற வேலைதான் எங்கேயும் கிடைக்கவில்லை.

போன வருடம் ஒரு கோமாளி வேலை பார்த்தேன். கொழும்புக்கு ஓடர் கொடுக்காமல், லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு மெசினுக்கான புஷ் நாற்பதைப் பெரியப்பாவிடமே கடையச் சொன்னேன். ஒரு பெடியனைப் பழக்குவதற்காக. உப்புவெளிப் பக்கத்துப் பெடியன், கெட்டிக்காரன். பதினொன்றைப் பழுதாக்கினான், என்னைவிட இரண்டு கூட. மிச்சத்தைக் கொழும்பு விலைக்கு விற்றேன். எவ்வளவு நட்டம் என்று மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, அவள் இதை வாசிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அடுத்த மாதம் இன்னொரு நாற்பது. அதற்குள் அவனுக்கு ருமேனியா விசா வந்துவிட்டது. போகும்போது பெரியப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரட் தாள் பைக்கற்றை எடுத்துக் கொடுத்தார். அங்கே எதற்கு அது? அவனும் வாங்கிக்கொண்டான்.

பெரியப்பாவுக்கு ஒரு கண்ணில் வெண்படலம் வெட்டியாயிற்று, மற்றது இன்னும் வெட்டவில்லை. வேர்னியரின் கோடு தெரிவதில்லை. ஆகவே நுணுக்கமான வேலை வந்தால் கடையை மத்தியானம் பூட்டிவிட்டு நான் போகிறேன். நான் அளந்து எண்ணை உரக்க வாசிப்பேன், அவர் ஹாண்டிலைத் திருப்புவார்.

போன கிழமை அப்படித்தான் ஒரு கன்மெற்றல், அதாவது வெண்கல, புஷ்ஷில் நின்றோம். என் போனில் ருமேனியாவிலிருந்து ஒரு குரல் செய்தி. திறந்தால் பேச்சு இல்லை, வெறும் அலறல். பிறகு அவன் குரல்: ‘அண்ணை, இதைப் பெரியவருக்குக் கேக்கக் குடுங்கோ.’

பெரியப்பா லேத்தை நிறுத்தினார். போனைக் காதோடு வைத்து இரண்டு தரம் கேட்டார். வாசலில் ஓட்டோ ஒன்று போனது, அது போகும்வரை பொறுத்திருந்து மூன்றாம் தரமும் கேட்டார்.

‘கத்தியை வெளியில கூட நீட்டி வைச்சிருக்கிறாங்கள். உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கச் சொல்லு. அரை அங்குலம் காணும்.’

அப்படியே அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘விளங்குது அண்ணை. தொட விடமாட்டினம்.’

வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கத்தியின் முனையில் ஒட்டியிருந்த வெண்கலத் தூளைப் பிரஷால் தட்டினார், லேத்தைப் போட்டார், ஒரு வெட்டு ஓடவிட்டு நிறுத்தினார்.

‘எத்தினை?’

‘இன்னும் மூண்டு தவ் இருக்கு, பெரியப்பா.’

‘சூடு ஆறட்டும். பிறகு அள.’